பின்னாடி என்ன வருது?

வால்பாறையில் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை. ஒருவர் ஓடி வந்தால் அவரை யாரும் பார்க்கவும் மாட்டார்கள். அவருக்குப் பின்னாடி என்ன வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். இந்த ஊர் வழக்கம் தெரியாமல் வந்து சேர்ந்தவர் நம் ஓட்டக்கார சார். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும், 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்து இங்கே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டார்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கு லைன் வீடுகள் வழியாக ஓடினார். எதிரே பால் கேனோடு வந்த பெரியவர் இவரைப் பார்த்தார். கேனைக் கீழே வைத்தார், திரும்பினார், அவரும் ஓட ஆரம்பித்துவிட்டார். குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் வாயில் பிரஷ்ஷோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு வளைவு தாண்டி, ஒரு சுவரில் நால்வரும் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். முதலில் வந்தவர் ரப்பர் செருப்புப் பெரியவர்.

"ஆனை எங்க சார் நிக்குது?"

"எந்த ஆனை?"

பெரியவர் அடுத்து சொன்னதை அச்சில் போட முடியாது.

நம் சார் ஒருவர் மட்டுமில்லை. ஏற்காட்டில் கேளுங்கள், கொடைக்கானலில் கேளுங்கள், இவருக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருப்பார். அடையாளம் சுலபம். முதுகில் ஒட்டிய பையில் தண்ணீர். அதிலிருந்து ஒரு குழாய் வாய்க்கு வரும், ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர் மாதிரி. அடியில் பல் பல்லாக இருக்கும் ஷூ. அதன் விலையை மனைவியிடம் பாதியாகவும் நண்பர்களிடம் முழுசாகவும் சொல்வார். சட்டைப் பையில் ஜவ்வு மாதிரி ஒரு சத்து மாவுக் குழம்பு, பாக்கெட்டில். புதுத்தோட்டம் பக்கம் ஒருநாள் அதை ஒரு சிங்கவால் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. கிழித்து, முகர்ந்து, ஒரு நக்கு நக்கி, ரோட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. வீட்டு அடுக்களை புகுந்து தின்கிற குரங்கு அது. அதற்கே இறங்கவில்லை.

காற்றைப் பற்றி அவருக்கு ஓயாத பெருமை. "இங்க ஆக்சிஜன்... என்ன... சுத்தம்... சார்!" என்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அந்த ஆக்சிஜனைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஜூனில் மழை பிடித்ததும் அட்டை வந்தது. பாதையோரப் புல் நுனியில் நின்றுகொண்டு, யாராவது வருகிறார்களா என்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கும் ஜீவன். கடிப்பது தெரியாது, விட்ட பிறகும் ரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆட்கள் உப்பும் சுண்ணாம்பும் மூக்குப்பொடியும் வைத்திருப்பார்கள். சார் இணையத்தில் ஆராய்ந்து, முழங்கால் வரை வருகிற வெள்ளை அட்டை சாக்ஸ் வரவழைத்தார். அது நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை சாக்ஸில் ஏறி, ஏறி, சாக்ஸ் முடிந்த பிறகும் ஏறும் என்பதை அவர் வீட்டுக்கு வந்து உட்காரும்போதுதான் அறிந்தார்.

எல்லாவற்றுக்கும் சாட்சி அவருடைய வாட்ச். ஓடிய தூரம், ஏறிய உயரம், நெஞ்சு எத்தனை தடவை அடித்தது, எல்லாம் அதில் ஏறும். ஒருநாள் கொழுந்து எடுக்கிற அக்காவிடம் அதை நீட்டி, "இன்னிக்கு 210 மீட்டர் ஏறிட்டேன்க்கா" என்றார்.

அக்கா மூட்டையை இறக்காமலே கேட்டாள். "நாங்க தெனம் இத்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பள்ளத்துலருந்து எடை போடுற எடத்துக்கு ஏறி வாரோம். அதுக்கு உங்க வாட்ச்சு என்ன சார் சொல்லும்?"

சார் கிண்டலென்று நினைக்கவில்லை. நிஜமாகவே வாட்ச்சைத் தட்டித் தேடினார். ஓட்டம் இருந்தது, நீச்சல் இருந்தது, பனிச்சறுக்குகூட இருந்தது. "கொழுந்து இதுல இல்லக்கா" என்றார் வருத்தத்தோடு.

இந்த ஊர் 220 சதுர கிலோமீட்டர் மேட்டு நிலம். சுற்றிலும் காடு, நடுவில் தேயிலை. மிருகங்களுக்கு நாங்கள்தான் குறுக்கே இருக்கிறோம். யானை பக்கத்தில் நின்றால் கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுங்கும், போனுக்குச் செய்தி வரும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் வெளியே கிளம்புவோம். சாரும் அதைப் பழகிக்கொண்டார். ஆனால் காட்டுமாட்டுக்கு விளக்கும் இல்லை, செய்தியும் இல்லை.

போன வாரம் தேயிலைப் பாத்தி நடுவே திரும்பியபோது எதிரே நின்றது. ஒரு டன் எடை இருக்கும் கடா. காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை. சாருக்கும் வெள்ளை. ஒரே கடையில் சாக்ஸ் வாங்கிய இருவர் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓடக் கூடாது என்று பால்காரப் பெரியவர் சொல்லி வைத்திருந்தார். பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூ போட்டுக்கொண்டு, ஓடியே ஆக வேண்டிய ஒரே இடத்தில் ஓடாமல் நின்ற கொடுமையைப் பிறகு அவரே சொன்னார். வாட்ச் மட்டும் "ஓட்டம் நிறுத்தப்பட்டது" என்றும் நெஞ்சுத் துடிப்பு 178 என்றும் ஒரே சமயத்தில் காட்டியதாம். மாடு மென்று முடித்துவிட்டு வழியிலேயே படுத்துக்கொண்டது. சார் ஓசைப்படாமல் பின்பக்கமாகவே நடந்து, வந்த வழியே திரும்பினார்.

நான் டீக்கடையில் இருந்தேன். வந்தவர் டீ கேட்கவில்லை. கடையைச் சுற்றி ஒரு சுற்று ஓடினார். வாட்ச்சைப் பார்த்தார். மறுபடி ஒரு சுற்று. பால்காரப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சார் தொலைச்சீங்க?"

"இருநூறு மீட்டர்ங்கய்யா. மாட்டால கொறஞ்சுபோச்சு. ஒம்போது எட்டுல நிக்குது, பத்து ஆகணும்."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து பெஞ்சுக்கடியில் ஒரு தடவை பார்த்தார்.