மூன்றாவது டிராயர்க்காரர்

மார்ச் மாதத்தில் எந்த வங்கிக் கிளைக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்த்துவிடலாம். ஐ.டி. கம்பெனியில் என்றால் ரிலீஸுக்கு முந்தின இரவில் இருப்பார்; ஆடிட்டர் ஆபீஸில் என்றால் செப்டம்பர் கடைசி வாரத்தில். அடையாளம் ஒன்றுதான். மேஜையின் மூன்றாவது டிராயர் முழுதாக மூடியிருக்காது. ஒரு கை போய்வரும் அளவுக்குத் திறந்திருக்கும்.

உள்ளே மிக்சர்.

கண் கம்ப்யூட்டரில் இருக்கும், கை தன்பாட்டுக்குப் போய்வரும். இவருக்கு எவ்வளவு டென்ஷன் என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டாம், விரலைப் பார்த்தால் போதும். காலையில் மனசு லேசாக இருக்கும்போது வறுத்த கடலையை மட்டும் பொறுக்குவார். முந்திரி அகப்பட்டால் அன்றைக்கு நல்ல சகுனம். பதினொரு மணிக்கு ரீஜனல் ஆபீஸிலிருந்து, "டெபாசிட் டார்கெட் என்னாச்சு?" என்று போன் வரும். அதோடு பொறுக்குவது நின்று அள்ளுவது ஆரம்பம். பூந்தி, காராசேவு, ஓமப்பொடி எல்லாம் ஒரே பிடியில். மூன்று மணிக்கு சர்வர் படுத்துக்கொள்ளும்போது, சாம்பாரில் வந்தாலே ஓரமாக ஒதுக்கிவைக்கும் கறிவேப்பிலையும் உள்ளே போகும். வாராக்கடன் பட்டியலைத் திறந்த நாளில் பாக்கெட்டையே வாயில் கவிழ்த்து, மூலையில் தங்கிய மிளகாய்த் தூளைத் தட்டித் தட்டி இறக்குவார்.

இத்தனைக்கும் பிறகு யாராவது, "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டால், "எங்கம்மா, காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல" என்பார். பொய் இல்லை, மனசார நம்பித்தான் சொல்கிறார். இலை போட்டோ, தட்டு வைத்தோ தின்றால்தான் அவர் கணக்கில் சாப்பாடு. டிராயரில் நடப்பதெல்லாம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். லஞ்ச் பாக்ஸ் சாயங்காலம் திறக்காமலே வீடு திரும்பும். "என்னங்க, இன்னிக்கும் அப்படியேவா?" என்று கேட்கும் மனைவிக்கு, "டைம் எங்க இருக்கு?" என்பதே பதில். பசியும் இல்லை என்பதை அவர் சொல்வதில்லை.

தின்பதற்கு ஒரு நியாயம் வேண்டுமே, அதை யூடியூப் கொடுத்துவிட்டது. திடீர்ப் பதற்றம் வந்தால் அட்ரினலின் பசியை அடக்கும். கவலை நாள்கணக்கில் நீண்டால் கார்டிசால் ஏறிப் பசியைக் கிளப்பும், அதுவும் எண்ணெயும் இனிப்புமாகக் கேட்கும். இதெல்லாம் சரியான விஷயம்தான். ஆனால் இவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, "நான் எங்கங்க சாப்பிடறேன்? கார்டிசால்தான் சாப்பிடுது!" என்பது. பேன்ட் சைஸ் மட்டும் ஏனோ கார்டிசாலுக்கு ஏறாமல் இவருக்கு ஏறுகிறது.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள்; முடிவு 2014-ல் வெளியானது. மனசைக் கஷ்டப்படுத்தும் படக்காட்சிகளைப் போட்டுக்காட்டி, பிறகு சிலருக்கு அவர்கள் உயிராய் விரும்பும் தீனியைக் கொடுத்தார்கள். சிலருக்கு வேறு உணவு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு மனசு தேறிவிட்டதாம். சும்மா உட்கார்ந்திருந்தாலே தேறியிருக்கும் மனசுக்குப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது மிக்சர். இதை இவரிடம் சொன்னால், "அப்படியா? ஆச்சரியமா இருக்கே!" என்று வியப்பார். வியப்பிலும் ஒரு பிடி போகும்.

வருடத்துக்கு ஒருமுறை ஆபீஸ் செலவில் மாஸ்டர் செக்கப் வரும். ஹெச்.பி.ஏ.1.சி. 6.1. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். இவர் மொழியில் 'பார்டர்'. சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் 13.6 கோடி பேர். மற்றவர்களுக்கு இது கவலை தரும் எண். இவருக்கு, "நம்ம மட்டும் இல்லையே" என்ற தெம்பு.

ஆனாலும் மனுஷன் பயந்துதான் போனார். அன்று சாயங்காலமே ஆர்கானிக் கடைக்குள் நுழைந்தார். திரும்பும்போது இரண்டு கையிலும் துணிப்பை. தினை முறுக்கு, கேழ்வரகு ரிப்பன், கம்பு மிக்சர், நாட்டுச் சர்க்கரை போட்ட சாமை அதிரசம், ஒரு கிலோ பேரீச்சம்பழம். மூன்றாவது டிராயர் காலியாகி, புதுச் சரக்கோடு மறுபடி நிரம்பியது.

இங்கிருந்துதான் இவரது பொற்காலம். முன்பெல்லாம் கொறிக்கும்போது ஓரத்தில் ஒரு குற்ற உணர்ச்சி உட்கார்ந்து கையைப் பிடிக்கும். இப்போது அதுவும் இல்லை. "2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுது, தெரியுமில்ல?" என்று டெபாசிட் போட வந்தவருக்கும் ஒரு முறுக்கு நீட்டுவார். அறிவித்தது உண்மை. பொரித்துத் தின்னச் சொன்னதாகத் தகவல் இல்லை. எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கிய பிறகு அரிசி மாவும் தினை மாவும் ஒரே சாதிதான். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, எந்த மாவோடு வந்தாலும். நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். நிறத்தைப் பார்த்து ரத்தம் சலுகை காட்டாது. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. இரண்டு தின்றால் பழம். டார்கெட் மீட்டிங் முடிவதற்குள் பதினைந்து தின்றால்? அடுத்த செக்கப்பில் 6.3 வந்தபோது லேபைச் சந்தேகப்பட்டார்.

இவருக்கு நேர் எதிர் மேஜையில் கேஷ் கவுண்டர் மேடம். இருபத்தைந்து வருஷ சர்வீஸ், மார்ச் மாதம் என்றால் அந்தம்மாவுக்கும் அதே டென்ஷன்தான். ஆனால் அவர் டப்பாவில் ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் வெள்ளரிக்காய், பெரும்பாலும் தோலோடு அவித்த வேர்க்கடலை. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரி. அதே எடை மிக்சரில் 500-க்கு மேல். அதைவிட வேர்க்கடலையில் இருக்கும் சூட்சுமம் பெரிது. உரிக்க இரண்டு கையும் வேண்டும். உரித்துக்கொண்டே மவுஸைப் பிடிக்க முடியாது, நோட்டு எண்ண முடியாது. வேலையை நிறுத்தினால்தான் தின்ன முடியும். தின்றதற்குச் சாட்சியாகத் தோல் மேஜைமேல் குவிந்து கிடக்கும். சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுக்கு வழியே இல்லை. பத்து நிமிஷம், ஒரு டம்ளர் மோர், டப்பா மூடியாகிவிடும்.

"சார், கொறிக்காதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். டிராயரைக் காலி பண்ணிட்டு இதைக் கொறிங்க" என்று மார்ச் 29-ம் தேதி மேடம் தன் டப்பாவைத் தள்ளினார். இவரும் முயன்றார். முதல் கடலை நழுவி ஆடிட் ஃபைலில் விழுந்தது. இரண்டாவது, சட்டையில் தண்ணீர் பீய்ச்சியது. மூன்றாவதை உரித்து வாயில் போட்டபோது, பரவாயில்லையே என்று முகம் மலர்ந்தது. அரை மணி நேரத்தில் சின்னதாக ஒரு குவியல் சேர்ந்தது. டிராயர் பக்கம் கை போகவே இல்லை. கிளையே கண்டும் காணாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் 31, இரவு எட்டு மணி. கணக்கு டேலி ஆகவில்லை, ரீஜனல் ஆபீஸ் லைனில். இவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அட்டெண்டரைக் கூப்பிட்டார்.

"தம்பி, பஸ் ஸ்டாண்டு வண்டியில அவிச்ச கடலை அரைக் கிலோ வாங்கிட்டு வந்துடு."

"சரிங்க சார்."

அவன் வாசல் வரை போயிருப்பான். இவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு குரல் கொடுத்தார்:

"உரிச்சதா கிடைக்குமான்னு கேளு!"