சித்தர்கள் நடுவே ஒரு நொண்டிக் கோழி

பிளவக்கல் பக்கம் மனுஷன் நொண்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோழி நொண்டினால் தெருவே நின்று விசாரிக்கும். மனுஷனுக்கு வத்திராயிருப்பில் ஆஸ்பத்திரி இருக்கிறது. கோழிக்கு இருப்பது குழம்புச் சட்டி. விசாரிப்பில் தெரியும் அக்கறைக்கு அதுதான் காரணம்.

இன்னொரு காரணம் சதுரகிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை வழியாக மலையேறுகிற கூட்டம், பதினெட்டுச் சித்தர்களும் மேலே உலாவுவதாக நம்பிப் போகிறது. பத்தொன்பதாவது சித்தர் முதற்கொண்டு மீதிப்பேர் எல்லாம் அடிவாரத்தில், எங்கள் தெருவில் குடியிருக்கிறார்கள். 2025-இல் இன்ஸ்டாகிராம் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கூமாபட்டிக்கு வண்டி கட்டி வந்தவர்கள் அணையைத் தேடினார்கள், தென்னந்தோப்பைத் தேடினார்கள். இந்தச் சித்தர்களைப் பார்க்காமல் போனது அவர்கள் அதிர்ஷ்டம்.

எங்கள் வீட்டுச் சிறுவிடைக் கோழி ஐப்பசி மழையோடு இறகு உதிர்க்க ஆரம்பித்தது. முதலில் தலையும் கழுத்தும், பிறகு முதுகு, அப்புறம் றெக்கையும் வாலும். யாரோ தலையணையைக் கிழித்து உதறியதுபோல வாசல் முழுக்க இறகு. முட்டை நின்றது. இதெல்லாம் போதாதென்று இடது காலை ஊன்றாமல் கெந்தவும் தொடங்கியது.

எதிர்வீட்டு மதினி முதல் ஆளாக வந்தார். “கண்ணுபட்டுப் போச்சு கொழுந்தனாரே. தெனமும் முட்டை இடுதுன்னு டீக்கடையில சொன்னீகள்ல, அதான்.” கையோடு உப்பும் மிளகாயும் கொண்டுவந்திருந்தார். கோழியைப் பிடிக்க முடியாததால் என்னைச் சுற்றிப் போட்டார்.

மேலத்தெருத் தாத்தா வாதம் என்றார். “வாதநாராயணன் எலையை வதக்கி இறுக்கக் கட்டுப்பா.” கான்சாபுரத்து மாமா முடக்கத்தான் ரசம் வைக்கச் சொன்னார்.

“கோழிக்கா மாமா?”

“கோழியப் போட்டும் வைக்கலாம்” என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ராஜபாளையத்திலிருந்து வந்த மச்சான் வேறு ரகம். வீட்டில் வெள்ளை வெளேரென்று ராஜபாளையம் நாய் வளர்ப்பவர். “நாய்க்குன்னா சொல்லுங்க மாப்ள, டாக்டரையே கூட்டிட்டு வாரேன். கோழிக்குப் போய் யாராவது வைத்தியம் பாப்பாகளா?” அவர் பேச்சில் நியாயம் உண்டு. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. எங்கள் கோழிக்கு ஆதார் அட்டைகூடக் கிடையாது.

இந்தச் சபையில் யாருக்கும் தோன்றாத ஒன்று உண்டு. இறகு உதிர்வது நோயே இல்லை. பகல்பொழுது சுருங்கத் தொடங்கியதும் கோழி பழைய உடுப்பைக் கழற்றிவிட்டுப் புது உடுப்பு தைக்கும். இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். அத்தனை புரதமும் இறகுக்கே போவதால் முட்டைக் கடைக்குப் பூட்டு. இரண்டு, மூன்று மாதத்தில் தானாகத் திறக்கும். அதுவரை கொஞ்சம் கடலைப்புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், முருங்கைக்கீரை, கிடைத்தால் கரையான் போட்டால் போதும். பழைய பானையில் சாணியும் சாக்குத்துண்டும் நனைத்துத் திணித்துக் கவிழ்த்து வைத்தால் கரையான் தானாக வந்து ஏறும். செலவில்லாத புரதம்.

கால் நோவுதான் நோய். இறகையும் காலையும் ஒரே கணக்கில் எழுதினால் கண்ணேறும் வாதமும்தான் விடையாக வரும். நொண்டும் கோழிக்கு முதல் பரிசோதனை, காலைத் திருப்பிப் பார்ப்பது. பகலில் கோழி பிடிப்பது கபடி. ராத்திரி அடைந்தபிறகு டார்ச்சும் ஒரு துண்டும் போதும். துண்டால் கண்ணை மூடினால் அடங்கிவிடும். ஒன்று மட்டும் கவனம்: புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துக்குள் ரத்தம் ஓடுகிறது. அழுத்திப் பிடித்தால் கோழிக்கு வலிக்கும், அது கொத்தினால் நமக்கு வலிக்கும்.

திருப்பிப் பார்த்தேன். பாதத்தின் நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. கண்ணேறும் இல்லை, வாதமும் இல்லை, பாதப்புண். எப்படி வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் கோழிக்குப் படுக்கை வேப்பமரத்து உயரக் கிளை. றெக்கை இருந்தவரை காலையில் பறந்து இறங்கும். றெக்கை உதிர்ந்த பிறகும் பழக்கத்தை விடாமல் தினமும் துணி துவைக்கிற கல்மேல் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. அடிபட்ட இடத்தில், பெரியாறு, கோவிலாறு என்று பிளவக்கல்லின் இரண்டு அணைக்கும் தண்ணீர் வருகிற மழைக்காலத்துச் சேறு. ஸ்டஃபைலோகாக்கஸ் என்கிற கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

கால்நடை மருத்துவர் சொன்ன வைத்தியம் எளிது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவை, துடை, போவிடோன் அயோடின் தடவு, பேண்டேஜ் துணியால் சுற்று, ஈரமில்லாத இடத்தில் வை. சீழ் ஆழமாக இருந்தால் மட்டும் தூக்கிக்கொண்டு வா, நீயே பிளேடு எடுக்காதே. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதே. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவு, அந்தக் கிருமி மனுஷனையும் விடாது.

பேண்டேஜ் துணிக்கு எங்கள் வட்டாரத்தில் பஞ்சமில்லை. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற மருத்துவத் துணி, நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போவதோடு கப்பலும் ஏறுகிறது. அதில் ஒரு சாண் என் கோழிக்கு வந்து சேர்ந்தது. விரல்களுக்கு நடுவே எட்டுப் போட்டுச் சுற்றி, நகம் வெளியே தெரியும்படி விட்டு, ரத்தம் ஓடுகிற அளவுக்குத் தளர்த்தி முடி போட்டேன். கோழி காலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, முடிச்சை ஒரு கண்ணால் ஆராய்ந்தது. பிறகு ஒரே கொத்தில் அவிழ்த்தது. இந்த ஆராய்ச்சி தினமும் நடந்தது.

வீட்டில் எதிர்பாராத விளைவு ஒன்றும் நடந்தது. கோழிக்கு வெந்நீர் வைப்பதைப் பார்த்த என் மனைவி கேட்டாள்: “என் முழங்கால் வலிக்கு ஒருநாளாச்சும் வெந்நி வச்சுக் குடுத்திருக்கீகளா?” அன்றிலிருந்து அடுப்பில் இரண்டு பானை.

படுக்கையையும் மாற்றினேன். மரத்துக்குத் தடை, தாழ்வாரத்தில் காய்ந்த வைக்கோல் போட்டுப் பஞ்சாரம். கால் தேறியதில் மருந்துக்குப் பாதிப் பங்கு, பஞ்சாரத்துக்குப் பாதிப் பங்கு.

கால் பலத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தீற்றச் சொன்னவர்களும் உண்டு. வாய் வெந்துவிடும். சுண்ணாம்புச் சத்துக்கு உடைத்த கிளிஞ்சல் போதும், அதுவும் முட்டையிடும் காலத்தில்தான் அதிகம் தேவை. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து கடன் எடுக்கும். இறகு உதிர்க்கும் மாதங்களில் முட்டை இல்லாததால் எலும்புக்கு அந்தச் செலவும் இல்லை.

எல்லா நொண்டலும் பாதப்புண் இல்லை. கணைக்காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் உள்ளே உண்ணி குடியிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் மூச்சு முட்டிச் சாகும். சில வாரம் விடாமல் தடவ வேண்டும். செதிலைப் பிய்க்கக் கூடாது, மண்ணெண்ணெய் பக்கமே போகக் கூடாது. இளங்கோழி ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்தால் அது ஹங்கேரி கால்நடை மருத்துவர் மாரெக் 1907-இல் விவரித்த நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. கால் இழுத்து, கழுத்து முறுக்கி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அந்தக் கோழியை உடனே தனியே பிரித்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எங்கள் கோழி தையில் புது இறகோடு, இரண்டு காலையும் ஊன்றி, முட்டையிட்டது. தான் சுற்றிப் போட்டதால்தான் என்று மதினி முதல் முட்டையை வாங்கிப் போனார்.

உங்கள் வீட்டுக் கோழிக்கு இறகு கொட்டினால் தீனி போடுங்கள், நொண்டினால் காலைத் திருப்பிப் பாருங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை கழிச்சலுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்தும், கூடையில் போட்டுக் கொண்டுபோங்கள். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் கட்டாயம் ஒரு வைத்தியம் சொல்வார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செய்து மட்டும் பார்க்காதீர்கள்.