கிடந்து அறிதல்: மலையில் கூடாரம் அடிக்கும் நிலம் பற்றி

அமெரிக்கத் தேசிய வனங்களில் குழாய், கழிப்பறை, மேசை, கட்டணம் ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று பெயர். இதைச் ‘சிதறிய முகாம்’ எனப் பெயர்த்தால், சிதறியது எது என்றொரு வினா எழும். முகாம்களே என்பார் ஒரு சாரார். முகாமிட்டவரின் சட்டி, செருப்பு, டார்ச் லைட் என்பார் மறு சாரார். இரு கட்சிக்கும் தனித்தனியே கருத்தரங்கு நடத்த இடமுண்டு. மதியச் சாப்பாட்டுக்கு நிதி கிடைத்தால் நடத்தவும் செய்வார்கள். இக்கட்டுரை அதற்குள் போகாது. தேசிய வனங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர். ஒருவர் படுக்க வேண்டியது ஆறடிக்கு இரண்டடி. அவ்வளவு பெரியதில் இவ்வளவு சிறியது ஏன் அகப்படுவதில்லை என்பதே ஈண்டு ஆராயப்படும். ஆய்வு நிலம் கொலராடோவின் ராக்கி மலைகள், குறிப்பாக லெட்வில் ஊரை அடுத்த சான் இசபெல் தேசிய வனம். அங்கே ஊரே 10,000 அடிக்கு மேல் இருப்பதால் மூச்சிரைப்பு இலவசம்.

பெருமாளுக்கு நின்ற, இருந்த, கிடந்த என மூன்று கோலம். முகாம் தேடுவோருக்கும் அவையே. நின்ற கோலத்தார் காரை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து, தூரத்துச் சிகரத்தைப் பார்த்து, ‘இதுதான் இடம்’ என்பார். இருந்த கோலத்தார் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதையே கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். கிடந்த கோலத்தாரோ ஒன்றும் சொல்லாமல் தரையில் நீட்டிப் படுத்துவிட்டு, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார். இவர் ஒருவரே அறிஞர் என்பது நம் துணிபு. என்னை? முகாம் நிலத்தின் பயன் எட்டு மணி நேரம் கிடத்தல். கிடத்தற்குரிய பொருளை நின்று மதிப்பிடுவது, நூலைத் திறக்காமலே அதன் காலத்தை இருநூறு ஆண்டு முன்னே தள்ளுவதை ஒக்கும். அவ்வாறு தள்ளுவோர் இல்லையா எனின், உளர். அவர்களுக்குக் கூடாரமும் உண்டு, பல்கலைக்கழகமே அடித்துக் கொடுக்கிறது.

சிறு இயல்கள் சிலவற்றை முதலில் கடந்துவிடலாம். நீர்: ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் 200 அடி தள்ளிப் படுக்க. மலம்: ஆறு முதல் எட்டு அங்குல ஆழக் குழி, மூட மறவற்க. மாடு: மேய்ச்சல் அனுமதி பெற்று வருவது, நாம் அப்படியல்ல. காட்சி: இருட்டிய பின் எல்லாருக்கும் ஒன்றே.

இனி வரைபடம். வண்டி போகத் தகுந்த பாதைகளைக் காட்டும் படமொன்றை வனத்துறை இலவசமாகவே தருகிறது. எந்தப் பாதையோரத்தில் வண்டியைக் கொஞ்சம் உள்ளே இறக்கி முகாமிடலாம் என்பதை அதில் புள்ளிகளால் குறித்திருப்பார்கள். சட்டப்படி அதைவிடப் பெரிய பிரமாணம் இல்லை. ஆயினும் அப்படத்தில் மேடில்லை, பள்ளமில்லை, மரமுமில்லை; கறுப்புக் கோடுகள்தான். செயற்கைக்கோள் படம் பச்சையைக் காட்டும். அப்பச்சை புல்லா, கணுக்கால் புதையும் சதுப்பா என்று காட்டாது. எனவே வரைபடவாதியும் நின்ற கோலத்தாரே, சற்றே உயரத்தில் நிற்கிறார் என்பதுதான் வேறுபாடு.

சமதளம் என்பதே இவ்வாய்வின் உயிர்நிலை. இரண்டு பாகைச் சரிவைக் கண் சரிவென்றே கொள்ளாது. ஆறடி நீளத்தில் அது இரண்டரை அங்குலம். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் இடையே ஒரு செங்கல்லுக்குச் சற்றுக் குறைவு. கண் பொறுத்துக்கொண்ட இந்தச் செங்கல்லை நைலான் உறக்கப்பை பொறுத்துக்கொள்ளாது. நைலான் தரைமேல் நைலான் வழுக்கும். நள்ளிரவுக்குள் ஆசிரியர், மாணவர், தலையணை மூவரும் கூடாரத்தின் கீழ்மூலையில் ஒரே கட்சியாகிவிடுவர். தலை கீழ்ப்புறம் அமைந்தாலோ தலைவலியும் சேரும். இவற்றை முன்கூட்டியே உரைக்கும் கருவி முதுகு ஒன்றே. முதுகின் சான்று கண்ணின் சான்றைவிட வலிது என்பதற்கு ஆதாரம் காண்க: முதுகு, வலப்புறம்.

சரிவுக்குப் பின் கல். கூடாரத் துணிக்கு அடியில் ஒரு கல் இருப்பது எல்லா மலைகளுக்கும் பொதுவான மரபு. அக்கல்லை முதல்நூல் என்க. அதைத் தோண்டி எறிந்ததும் அதே இடத்தில் குழிவிழ, குழியின் விளிம்பில் உள்ளது வழிநூல். வழிநூலுக்கு இடம்விட்டுப் புரண்டால் கிட்டுவது சார்புநூல் (முதுகு, வலப்புறம், நான்காம் விலா, பின்னிரவுப் பதிப்பு). சில சுவடிகளில் ‘கல்’ என்னுமிடத்தில் ‘வேர்’ என்றும் பாடம். வேர் என்பதே மூலபாடம், கல் இடைச்செருகல் என்பாரை மறுத்து, இரண்டும் ஒரே இரவில் குத்துவதால் இரண்டும் மூலபாடமே எனத் துணிந்தாரும் உளர் (முதுகு, இடுப்புக் காண்டம், புரளல் படலம், கல் 7 முதல் 11 முடிய, இரண்டாம் பிரதியில் தூக்கம் சிதைவு). உலகின் முதற் கல் எங்கள் ஊர் மலையில்தான் குத்தியது என்போரும் விரைவில் வருவர். முழுமையான செம்பதிப்புக்கு ஒரு திங்களாவது வேண்டும். ஆனால் பெரும்பாலான வனங்களில் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்க அனுமதியில்லை. முனைவர் பட்டத்துக்குப் போல ஆண்டுதோறும் கால நீட்டிப்புக் கேட்கும் நம் மரபு அங்கே செல்லாது.

தடை ஒன்று: கைப்பேசியில் ரசமட்டச் செயலி இருக்க முதுகு எதற்கு என்பர். செயலி ஒரு சாண் நிலத்தை அளக்கும். மனிதர் ஒரு சாண் அல்லர். தடை இரண்டு: அப்படியானால் முழுச் சமதளத்தையே தேடிக் கொள்ளலாமே என்பர். இதுவே பெரிய மயக்கம். மலையில் முழுச் சமதளமாக இருப்பது, பலரும் கூடாரமடித்து மிதித்து இறுகி, நடுவில் தாம்பாளம்போல் குழிந்த நிலம். இறுகிய மண் நீரைக் குடிக்காது. ராக்கி மலைகளில் ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலானால் இடி மழை வழக்கம். அதன் பின் அச்சமதளம் தன் இயற்பெயராகிய குட்டை என்பதற்குத் திரும்பும். ஆகவே நல்ல நிலம் என்பது தலைமாடு சற்றே உயர்ந்த, கொஞ்சம் கோணலான நிலம். எவ்வளவு கோணல் என்பதைச் சொல்ல மீண்டும் முதுகே வேண்டும்.

தடை மூன்று: இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டித் தூங்கினால் கல்லுமில்லை, சரிவுமில்லை. உண்மை. ஆனால் மரம் எது? கொலராடோவில் 1990களின் பிற்பகுதி தொடங்கிப் பட்டை வண்டுகள் லாட்ஜ்போல் பைன் மரங்களைப் பல லட்சம் ஏக்கரில் கொன்றுவிட்டன. செத்த மரம் நின்றபடியே பல ஆண்டு நிற்கும். காற்றடிக்கும் இரவில் விழும். நின்ற கோலத்தாருக்கு அடிமரம்தான் கண்ணில் படும், அது தூண்போல் உறுதியாகவே தோன்றும். படுத்தவருக்கோ நேர் மேலே இலையற்ற சாம்பல் நிற உச்சி தெரியும். எழுந்து ஓடவும் இதுவே தக்க கோணம். இவ்விடத்தில் மட்டும் நம் கோட்பாடு வேடிக்கையன்று.

குளிரும் நம் பக்கமே பேசும். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஆற்றங்கரைப் புல்வெளி பகலில் சொர்க்கம், விடியற்காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி. சில பத்து அடி மேலேறினாலே வித்தியாசம் தெரியும். தேங்கிய குளிர் தரையை ஒட்டிக் கிடப்பது. அதை அறிய நாமும் அதனோடு கிடக்க வேண்டும்.

கடைசித் தடை மானம் பற்றியது: பட்டம் பெற்ற ஒருவர் பட்டப்பகலில், காட்டுப் பாதை ஓரத்தில், கூடாரம் அடிக்கும் முன்பே மல்லாந்து படுத்தால் போகிறவர் வருகிறவர் என்ன நினைப்பர்? வண்டியை நிறுத்தி, உயிர் இருக்கிறதா என்று கேட்பர். அவர்களிடம், இருக்கிறது, சற்றுத் தெற்கே தள்ளிப் படுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று விடை கூறுக.