மார்கழியில டெல்லிக்குப் போற மாப்ளைக்கு

உக்காரும் மாப்ளே. உம்ம பயணத் திட்டத்தை எம் மக வாசிச்சுக் காட்டுனா. காலையில எட்டு மணிக்குச் செங்கோட்டை, பத்துக்குக் குதுப்மினார், பன்னெண்டுக்குச் சரோஜினி நகர், சாயங்காலம் சாந்தினி சௌக். அதுவும் ஜனவரி மொத வாரம், திங்கக்கெழம. அடேயப்பா! பட்டாளத்துல எங்க சுபேதாரே இப்பிடி ஒரு திட்டம் போட்டதில்ல.

செங்கோட்டைக்குத் திங்கக்கெழம லீவு. சரோஜினி நகருக்கும் கரோல்பாக்குக்கும் அன்னைக்குத்தான் லீவு. சாந்தினி சௌக் மட்டும் தெறந்திருக்கும், அதுக்கு லீவு ஞாயித்துக்கெழம. ஆனாலும் நீரு போட்டபடியே போகும். கோட்டைச் செவரை வெளிய நின்னு பாத்துட்டு வந்தா டிக்கெட் காசு மிச்சம்லா? ஷாஜகான் செலவழிச்சதெல்லாம் வெளிச்செவருக்குத்தான்னு எம் மககிட்ட சொல்லிப் பாரும். நம்புனா உம்ம அதிர்ஷ்டம்.

அதுலயும் எட்டு மணி! கோட்டையப் பாக்கணும்னா மொதல்ல கோட்டை தெரியணும். அந்த மாசத்துல காத்து அசையாது. தரை குளுந்து, ஈரம் அப்பிடியே பனியாப் படுத்துக்கிடும். அது கூட ஊருப் புகையும் சேந்துகிட்டா கண்ணு எரியும், எதுத்தாப்ல வாரவன் மாமனா மச்சானான்னு வெளங்காது. பத்து மணிக்கு முந்தி ஒரு எடத்தையும் எழுதாதீரு. அதுவரைக்கும் ரஜாயிப் போர்வைக்குள்ள சுருண்டு கெடக்கதுதான் டெல்லியில பாக்க வேண்டிய மொத எடம்.

ரயில்ல போறீராமே. திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல நெல்லையில ஏறுனா ரெண்டு ராத்திரி தாண்டி நிஜாமுதீன். பனிக்காலத்துல ஆக்ராவுக்குப் பக்கம் வந்ததும் பாரும். வள்ளுவரு எல்லாத்தையும் ரெண்டு அடியில முடிச்சிட்டாரு. அவரு பேரு வச்ச வண்டி அங்கன அடி அடியாத்தான் நகரும். அதனால போய் எறங்குத அன்னைக்கு ஒரு வேலையும் வச்சிக்கிடாதீரு.

ஸ்வெட்டரை ஆடித் தள்ளுபடியிலயே வாங்கிப் பெட்டியில வச்சாச்சாம். நல்ல கெட்டிக்காரத்தனம்! நம்ம ஊருக் கடைக்காரன் குளுரையே கண்டதில்ல, அவன் வித்த ஸ்வெட்டர் மட்டும் கண்டிருக்குமா? ராத்திரி நாலு டிகிரிக்கு எறங்கும்போது அதைத் தலைக்கு வச்சிக்கிடலாம். நான் சொல்லுததைக் கேளும். காஷ்மீரி கேட்டுக்குப் பக்கத்துல மோனாஸ்டரி மார்க்கெட்னு திபெத்துக்காரங்க கடைவீதி இருக்கு. போன மறுநாளே ஜாக்கெட்டு, கையுறை, குல்லாயெல்லாம் அங்கன வாங்கி அங்கனயே மாட்டிக்கிடும். லாட்ஜுல மேனேஜர் "கீசர் இருக்கு"ம்பான். இருக்கும். ஓடுதான்னு போட்டுக் காட்டச் சொல்லும். டெல்லி வீடுக வெயிலுக்குக் கட்டுனது. மார்கழியில வெளிய நிக்கதைவிட உள்ள குளுரும்.

ஸ்டேஷன்ல எறங்குனதும் ஒருத்தன் வந்து, உம்ம லாட்ஜை மூடியாச்சு, வாங்க சார் வேற காட்டுதேன்னு கையைப் புடிப்பான். உம்ம மேல அவனுக்கு அவ்வளவு பாசம். கண்டோன்மென்ட்ல நான் காவலுக்கு நின்ன காலத்துலயும் இந்தப் பாசக்காரனுவ இருந்தானுவ.

சரி, யாவாரத்துக்கு வாரேன். உமக்கு "கித்னா"ன்னு வெலை கேக்கத் தெரியும். அவன் சொல்லுத பதில்தான் புரியாது. அது நல்லதுக்குத்தான், முழிச்சிக்கிட்டே நில்லும், வெலை தன்னால எறங்கும். ஜன்பத்துல ஒருத்தன் சால்வையை மோதிரத்துக்குள்ள விட்டு இழுத்து, "அசல் பஷ்மினா"ம்பான். மெல்லிசா இருந்தா செயற்கை நூல் துணியும்தான் மோதிரத்துல நுழையும். ஓரத்துல ஒரு நூலைப் பிச்சுக் கொளுத்திக் காட்டச் சொல்லும். மயிரு கருகுன நாத்தம் வந்தா கம்பளி, பிளாஸ்டிக் நாத்தம் வந்தா கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டும். எம் மகளுக்கு வாங்குததை மட்டும் கொளுத்திப் பாத்து வாங்கும். உம்ம தங்கச்சிக்கு மோதிரம் போதும்.

சாந்தினி சௌக்கை ஷாஜகான் மக ஜகனாரா போட வச்சது, 1650 வாக்குல. பொம்பளைப் பிள்ளை போட்ட கடைவீதியில ஆம்பளை அவசரப்பட்டு என்ன செய்ய? கினாரி பஜார்ல ஜரிகை, தரீபாவுல வெள்ளி, காரி பாவ்லியில மசாலா. எம் மக பாக்கட்டும். நீரு அந்த நேரத்துல தௌலத் கி சாட் எங்க விக்கான்னு தேடும். பாலைக் கடைஞ்சு எடுத்த நுரை. ராத்திரிக் குளுருல வச்சிருந்து, மேல குங்குமப்பூ, பிஸ்தா, கோவா, சர்க்கரை போட்டுத் தருவான். குளுரு காலத்துக்கு மட்டுந்தான், அதுவும் வெயில் ஏறுனா அடங்கிப்போவும். வாயில வச்சா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ரெண்டாவது கிண்ணத்துக்குக் கை தன்னால நீளும். பனியில நடுங்குனதுக்கு டெல்லி குடுக்குத கூலி அது ஒண்ணுதான்னு நான் நினைக்கேன். கோட்டை கொத்தளமெல்லாம் எந்த மாசத்துலயும் பாக்கலாம்.

குதுப்மினார்ல மேல ஏறலாம்னு ஆசை காட்டாதீரு. 1981ல உள்ள நெரிசல்ல புள்ளைக செத்ததுலருந்து படியை மூடிட்டாங்க. பக்கத்துல துருப்பிடிக்காத இரும்புத் தூண் இருக்கு, குப்தர் காலத்துது. முதுகைக் காட்டிக்கிட்டுப் பின்னால கையை வளைச்சுக் கட்டிப் புடிச்சா நெனச்சது நடக்கும்பாங்க. இப்ப சுத்தி வேலி போட்டுட்டாங்க. உம்ம தொந்திக்கு வேலியே மேல்.

திரும்பி வாரதுக்கு விமானம்னு கேள்விப்பட்டேன். விடிகாலை டிக்கெட் போடாதீரு, பனி விடாது. மத்தியானத்துக்கு மேல போடும். ஆபீஸ்ல மட்டும் விடிகாலை விமானம்னே எழுதிக்குடும். பனியில கேன்சல் ஆயிட்டுன்னு ரெண்டு நாள் கூட இருந்துட்டு வரலாம். உம்ம மேனேஜர் தூத்துக்குடிக்காரன்தான், பனியைப் பத்தி அவனுக்கென்ன தெரியும்?