மந்திரியை மிரட்டிய கார்

ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் மலைப் பந்தயத்தில் அந்தக் காலத்தில் ஒரு விதி உண்டு. எந்தக் காரை ஓட்டுகிறீர்களோ, அதையே ஷோரூமில் பொதுஜனத்துக்கும் விற்க வேண்டும். கம்பெனிகள் இதைத் தங்கள் வசதிப்படி புரிந்துகொண்டன. பந்தயக் காரையே செய்து, நாலு கதவும் பின்சீட்டும் வைத்து, குடும்பக் கார் என்று விற்றுவிட்டால் போயிற்று!

அப்படிப் பிறந்ததுதான் 1971-ன் ஃபோர்டு ஃபால்கன் ஜி.டி.எச்.ஓ. ஃபேஸ் 3. மொத்தமே 300 கார்கள். 5.8 லிட்டர் வி-8 எஞ்சின். மணிக்கு சுமார் 228 கிலோமீட்டர் வேகம். 164 லிட்டர் பெட்ரோல் டாங்க். பால் வாங்கப் போகிறவருக்கு எதற்கு இவ்வளவு பெட்ரோல் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷப் பந்தயத்தில் எங்கிருந்தோ பறந்து வந்த பீர் அட்டைப்பெட்டி ஒன்று ஆலன் மோஃபட்டின் கார் முகத்தில் அப்பிக்கொண்டது. மனிதர் அசரவில்லை, 500 மைலையும் தனியாளாக ஓட்டி ஜெயித்தார்.

1972 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மணிக்கு 160 மைல் பறக்கும் சூப்பர் கார்கள் ரோட்டுக்கு வரப்போகின்றன என்று சிட்னியின் ‘சன்-ஹெரால்ட்’ குண்டு போட்டது. நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து மந்திரி மில்டன் மோரிஸ் கொதித்தார். அரசாங்கத்துக்கு மொத்தமாகக் கார் விற்கும் கம்பெனிகளுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா? சில நாட்களில் ஹோல்டன், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றும் தத்தம் சூப்பர் கார் திட்டங்களைக் கைகழுவின. ஃபோர்டின் அடுத்த ஃபால்கனான ஃபேஸ் 4 நாலே நாலு காரோடு நின்றது. அந்த வருஷம் பாத்தர்ஸ்டில் கொட்டும் மழையில் ஜெயித்தவர் பீட்டர் பிராக். ஓட்டியது ஹோல்டனின் ஆறு சிலிண்டர் டொரானா. மந்திரி தப்பான எஞ்சினுக்குப் பயந்திருக்கிறார்!

பிறகு ஜார்ஜ் மில்லர் என்ற டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, 1979-ல் ‘மேட் மேக்ஸ்’ படத்தைக் கொண்டுவந்தார். கதாநாயகனுக்குக் கறுப்பு ஃபால்கன் கூபே. பானெட்டில் துருத்திக்கொண்டிருந்த சூப்பர்சார்ஜர் வெறும் டம்மி. ஆஸ்திரேலிய இங்கிலீஷ் நம் ஜனங்களுக்குப் புரியாது என்று அமெரிக்க விநியோகஸ்தர்கள் படத்தை இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு டப்பிங் செய்தார்கள். எஞ்சினுக்கு மட்டும் டப்பிங் தேவைப்படவில்லை.

படம் உலகமெல்லாம் ஓடியது. கார் காயலான் கடைக்குப் போனது. நல்லவேளையாக ஒரு ரசிகர் மீட்டு, பழுது பார்த்து வைத்தார். பிறகு இங்கிலாந்தின் கெஸ்விக் ஊர் மியூசியத்தில் பல வருஷம் வாசம். அங்கிருந்து ஃபுளோரிடாவுக்குக் கப்பல் பயணம். ஜப்பான், பிரிட்டனில் இருந்த ‘மேட் மேக்ஸ்’ பைத்தியங்களுக்குக் கூடுதல் வசதி: அங்கேயும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். பழைய ஃபால்கனை வரவழைத்துக் கறுப்படித்து, ஆளுக்கொரு மேக்ஸ் ஆனார்கள்.

2016-ல் ஃபோர்டும் 2017-ல் ஹோல்டனும் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதையே நிறுத்திவிட்டன. ஃபேஸ் 3 ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேலே போனது. ஆகவே மகாஜனங்களே, மந்திரி பயப்படும் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விலை ஏறும்.