லேபிள் அண்ணன்

டாலஸ் புறநகரில் இருக்கும் தன் வீட்டுக்கு அண்ணன் சனிக்கிழமை ஏழு மணிக்குக் கூப்பிடுவார். ஒன்பதரைக்கு முன்னால் நம் தொண்டை நனையாது. நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரமும் பாட்டில் அறிமுகம் நடக்கும். கண்ணாடி அலமாரிக்கு உள்ளே விளக்கைப் போட்டு, ஒன்றை எடுத்து, குழந்தையைத் தாங்குவது போல அடியில் ஒரு கை கொடுத்து, "இது யாருன்னு தெரியுதா தம்பி?" என்பார். "இது என்ன?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வீட்டில் பாட்டிலுக்கு உயர்திணை.

கடல் கடந்த தமிழ்ச்சங்கங்களில் இந்த ரகத்தைத் தவறாமல் பார்க்கலாம். விஸ்கி ரசிகர் என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது. விஸ்கி ரசிகர் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, ஈர மரவாசனை, உலர்ந்த திராட்சை என்று நம்மைப் படுத்துபவர். அது வேறு ஜாதகம். இவர் மூக்கையே பயன்படுத்துவதில்லை. இவருக்கு வேண்டியது லேபிளில் ஒரு நட்சத்திரம். முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்து, முதல் காட்சிக்கு விடியற்காலையில் கட்அவுட்டில் ஏறிப் பால் ஊற்றிய கை அது. அன்று நட்சத்திரத்துக்கு இவர் ஊற்றினார். இன்று நட்சத்திரம் இவருக்கு ஊற்றுகிறது. பில் மட்டும் இரண்டு காலத்திலும் இவருடையதுதான்.

வரவேற்பு எப்போதும் பாப் டிலனில் தொடங்கும். 2018இல் வந்த அவருடைய விஸ்கி, 'ஹெவன்ஸ் டோர்'. டிலனுக்குப் பழைய இரும்புச் சாமான்களைப் பற்றவைத்துக் கதவு செய்கிற பழக்கம் உண்டு. அந்தக் கதவுகளின் வடிவம்தான் பாட்டில் மேல் இருக்கிறது. அண்ணன் அதைத் தடவிக்கொண்டே, "இலக்கியத்துக்கு நோபல் வாங்குனவரு தம்பி. நம்மாளுங்க இத்தனை பேரு சாகித்ய அகாடமி வாங்கியிருக்காங்க, ஒருத்தராவது ஒரு பன்னீர் சோடா விட்டுருக்காங்களா?" என்று வருத்தப்படுவார். நியாயமான வருத்தம்.

அடுத்தது மெட்டாலிகா குழுவின் 'பிளாக்கன்ட்'. மேக்கர்ஸ் மார்க் விஸ்கி ஆலையில் பல வருஷம் காய்ச்சியவரான டேவ் பிக்கரெல் அமைத்துக் கொடுத்தது. இதில் பீப்பாய்களுக்கு மெட்டாலிகாவின் பாட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். தாழ்ந்த அதிர்வில் உள்ளே இருக்கும் திரவம் குலுங்கி, மரத்தோடு கூடுதலாகப் பழகுமாம். பாட்டுக் கேட்டால் மாடு அதிகமாகப் பால் கறக்கும் என்று நம் ஊரில் சொன்னபோது சிரித்தவர்தான் அண்ணன். இப்போது பாட்டிலைக் காதருகே வைத்துப் பார்க்கிறார். "ஏதாச்சும் கேக்குதா?" என்றேன். "பழுத்துருச்சுல்ல, இப்ப அமைதியா இருக்கு" என்றார்.

சண்டை வீரர் கோனர் மெக்ரகர் தொடங்கிய 'ப்ராப்பர் நம்பர் டுவெல்வ்' மூன்றாவது. அந்தப் பன்னிரண்டு என்பது வருஷக் கணக்கு என்று அண்ணன் ஆறு மாதம் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அது மெக்ரகர் வளர்ந்த கிரம்லின் பகுதியின் அஞ்சல் எண், டப்ளின் 12. 'கே.கே. நகர் 78' என்று ஒரு சரக்கு வந்தால் அதை எழுபத்தெட்டு வருஷப் பழசு என்று அண்ணன் வாங்கிவிடுவார்.

கால்பந்துக்காரர் டேவிட் பெக்காம் சேர்ந்து கொண்டுவந்த 'ஹேக் கிளப்' சீக்கிரம் முடிந்துவிடும். நீலக் கண்ணாடியில் சதுர பாட்டில், ஷேவிங் லோஷன் மாதிரி. அதில் மதினி மணி பிளான்ட் வளர்க்கிறார். அலமாரியிலேயே உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

போன மாதம் அண்ணன் புதிதாக ஒன்றை எடுத்தார். 'லாங்பிராஞ்ச்'. நடிகர் மேத்யூ மெக்கானஹே 2016இல் வைல்ட் டர்க்கி விஸ்கி நிறுவனத்தோடு சேர்ந்து, 2018இல் அங்கே காய்ச்சுபவரான எடி ரஸலோடு கொண்டுவந்த கென்டக்கி பர்பன். "நடிகர் டெக்ஸஸ்காரரு. அதனால டெக்ஸஸ் மெஸ்கீட் மரக்கரியில வடிகட்டுறாங்க தம்பி. மெஸ்கீட்! பேரே எப்படி இருக்கு பாருங்க!"

எனக்கு அன்றைக்கு நாக்கில் சனி. "அண்ணே, மெஸ்கீட்டுன்னா நம்ம சீமைக்கருவேலத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி முறை" என்றேன்.

அண்ணன் முகம் போன போக்கை எழுத வராது. அவர் அப்பா வயலைத் தின்ற மரம். அவர் காலில் முள் ஏற்றிய மரம். உயர் நீதிமன்றம் வேரோடு பிடுங்கச் சொன்ன மரம். முதுகுளத்தூர்ப் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை மூட்டையாக லாரியில் அனுப்புகிற அதே குடும்பம். அதில் வடிகட்டியதை நாற்பது டாலர் போலக் கொடுத்து வாங்கி, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தார். அப்புறம் மூடியைத் திறந்து, முதல் தடவையாக மூக்கை வைத்தார். "ஆமாய்யா. மூட்டம் பிரிக்கிறப்ப வர்ற வாடை" என்றார். அது பொய். அவ்வளவு வாடை அதில் கிடையாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை வந்தவர்களிடம், "எங்க ஊரு மரம் தம்பி, உலகமே இப்ப அதுலதான் வடிகட்டுது" என்று சொன்னதாகக் கேள்வி.

இவற்றையெல்லாம் குடிக்கலாமா என்று என்னையும் சிலர் கேட்கிறார்கள். பாட்டிலைத் திருப்புங்கள் என்பேன். நட்சத்திரம் முன்பக்கம், காய்ச்சினவர் பின்பக்கம், பொடி எழுத்தில். பாட்டிலில் போட்டிருக்கும் முகவரி ஒரு மாநிலம், காய்ச்சியது வேறு மாநிலம் என்றால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 'ஸ்ட்ரெய்ட் பர்பன்' என்று இருந்தால் குறைந்தது இரண்டு வருஷம் உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில் கிடந்தது. நாலு வருஷத்துக்குக் குறைவென்றால் வயதையும் அச்சடிக்க வேண்டும். லாங்பிராஞ்ச் நல்ல சரக்குதான், வைல்ட் டர்க்கிக்காரர்களுக்குத் தொழில் தெரியும் என்பதால். மெக்ரகரை எந்த கோலாவிலும் கலக்கலாம், கோபித்துக்கொள்ளாது. நான் என் காசு கொடுத்து வாங்கியது நடிகர் நிக் ஆஃபர்மன் பெயரில் 2019இல் வந்த லகவுலின்; பதினொரு வருஷம், 46 சதவீதம். அந்த மனிதர் டிவி தொடரில் பாத்திரமாக லகவுலினைக் குடித்துக்கொண்டே இருந்தார், அப்புறம்தான் பாட்டிலில் பேர் வந்தது. மற்ற சிலருக்கு முதலில் பேர் வந்து, அப்புறம் கிளாஸ் வந்த மாதிரித் தெரிகிறது. தவிர, அந்தப் பேரே இல்லாவிட்டாலும் 1816 முதல் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் புகையோடு காய்ச்சுகிறவர்கள் அவர்கள்.

இதை அண்ணனிடம் சொன்னால் ஏறாது. பொடி எழுத்தைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டால் செல்ஃபி நன்றாக வராது.

கடைசியாக வந்து சேர்ந்திருப்பது பாடகி பியான்சேயின் 'சர்டேவிஸ்', 2024. வெளிவந்தபோது 89 டாலர். பாதிக்கு மேல் ரை தானியம், மிச்சம் முளைகட்டிய பார்லி, டெக்ஸஸில் வைத்து ஷெர்ரி பீப்பாயில் முடிக்கிறார்கள். அண்ணன் அதையெல்லாம் கேட்கவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டது லேபிள் கதை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் பியான்சேயின் கொள்ளுத்தாத்தா டேவிஸ் ஹோக் திருட்டுத்தனமாகக் காய்ச்சி, சிடார் மரப் பொந்துகளில் பாட்டிலை ஒளித்துவைப்பாராம். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்களாம். அவர் பெயர்தான் பாட்டிலுக்கு.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, எங்க தாத்தாவும் ஊறல் போட்டவருதான்" என்றார்.

அலமாரி விளக்கை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948. தமிழ்நாட்டில் அது எடுபட்டது 1971. அந்த நடுக்காலத்தில் கண்மாய்க் கரைப் புதருக்குள் பானை புதைத்திருந்தாராம் தாத்தா. போலீஸ் பிடித்து, ஆறு மாதம் உள்ளே. ஊருக்கு, தாத்தா கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனதாகச் செய்தி. கல்யாணம் காட்சி எதிலும் யாரும் வாய் திறந்ததில்லை. "அவுங்க காய்ச்சுனா பிராண்டு, நம்ம காய்ச்சுனா கேஸா?" என்றவர், அப்படியே கைப்பேசியை எடுத்து, ஊரில் விடிந்து எத்தனை மணி என்றும் பார்க்காமல், ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, தாத்தா ஊறல் போட்டாருல்ல, அதுல என்னென்ன போடுவாரு? பட்டை தவிர வேற என்ன? தாத்தா போட்டோ ஒண்ணு இருந்துச்சே, மீசையோட, அது எங்க?"

அந்தப் பக்கம் சேவல் கூவியது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான் கேட்டது.

"யாருடா உங்கிட்ட சொன்னது?" என்றது அம்மாவின் குரல். "மாமா கொழும்புல கடை வச்சிருந்தாரு. ஒன் தங்கச்சி மாமியாரு இங்கதான் திண்ணையில உக்காந்துருக்கு. போன வைடா!"