டிகிரி ஏறிய பச்சிலை

திருநீற்றுப்பச்சிலை கோயில் நந்தவனத்திலும் சாக்கடை ஓரத்திலும் யாரும் சீண்டாமலே வளர்கிற செடி. அதே இனத்தில் இத்தாலிக்காரர்கள் சாப்பிடுகிற பேசிலை, மண்ணே இல்லாமல் தண்ணீரில் வளர்ப்பது என்று எங்கள் அண்ணன் முடிவெடுத்தார். அவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. ஏதோ ஒரு கப்பலில் பாஸ்தா தின்ற நாளிலிருந்து ஆள் சரியில்லை.

மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பழைய தெர்மோகோல் ஐஸ் பெட்டி வந்தது. மூடியில் ஓட்டை போட்டு, மீன்தொட்டி மோட்டாரை மாட்டி, மொட்டைமாடியில் வைத்தார். என்ன சோப்பு போட்டுக் கழுவியும் நெத்திலி வாசம் போகவில்லை. தெருப் பூனைகளுக்கெல்லாம் திடீரென்று விவசாயத்தில் ஆர்வம் பிறந்தது.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் சீக்கு. இலை நுனி கருகியது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. "கண்ணு பட்டுட்டுல, சுத்திப் போடு" என்றாள் ஆச்சி. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "யூரியா ஆலை இருக்கிற ஊர்ல இதுக்குப் போயி யோசிக்கீரு! ஒரு கரண்டி அள்ளிப் போடும் வே" என்றார். மண்ணில் யூரியாவைப் பக்குவப்படுத்திச் செடிக்கு ஊட்ட நுண்ணுயிர்கள் உண்டு. இந்தப் பெட்டிக்குள் அதற்கு ஆள் பற்றாக்குறை.

அண்ணன் மீட்டர் வாங்கினார். பிஎச் அளவு 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டிய தண்ணீர் 8 காட்டியது. அவ்வளவு ஏறினால் இரும்புச்சத்து தண்ணீரில் இருந்தும் வேருக்குக் கிட்டாது. கொழுந்து வெளுப்பது அதனால்தான். எலுமிச்சம்பழம் பிழிந்தார். இறங்கியது, மறுநாள் ஏறிக்கொண்டது. அடுப்படியில் எலுமிச்சம்பழம்தான் தீர்ந்தது.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் ஆயுசைக் கழித்த எங்கள் மாமா. பெட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "மருமவனே, டிகிரி ஏறிட்டுல்லா!"

அளத்தில் உப்புத்தண்ணீர் காய்ந்து அதன் அடர்த்தி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு இறங்க ஆரம்பிக்கும். இங்கே வெயில் பாதி, செடி பாதி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை அப்படியே விட்டுவைத்தன. குறையக் குறைய அண்ணன் போர் தண்ணீரையே ஊற்றினார். மாமா கணக்கில் அது தோட்டமே இல்லை, லைசென்ஸ் இல்லாத அளம்.

வேரைத் தூக்கினால் பழுப்பாக, வழவழவென்று, ஒரு நாற்றம். வெயிலில் சூடான தண்ணீரில் காற்று தங்காது. கரண்டு போனால் மோட்டாரும் நின்றுவிடும். வேரழுகல் கிருமிக்கு அதுதான் கல்யாண வீடு.

அழுகிய வேரை வெட்டி, பெட்டியைக் கழுவி, குழாய்த் தண்ணீரில் உரம் கலந்தாயிற்று. அந்தக் காலத்து நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து பாடுபட்டு வல்லநாட்டிலிருந்து ஆற்றுத்தண்ணீரைக் கொண்டுவந்தது இந்தக் கீரைக்கா என்று மதினி கேட்டார். குடத்தோடு குழாயடியில் நின்றவர், கேட்கலாம். சூட்டுக்கு, தண்ணீர் பாட்டிலை உறையவைத்துப் பெட்டிக்குள் போட்டார் அண்ணன். ஐஸ் பெட்டிக்குப் பழைய வேலையே திரும்பக் கிடைத்தது.

செடி இப்போது தேவலை. மாமா சொன்னபிறகு வாங்கிய உப்பு மீட்டர்தான் கையை விட்டு இறங்கவில்லை. கேன் தண்ணீர், இளநீர், ஆச்சியின் கஷாயம் எல்லாம் அளந்தாகிவிட்டது. நேற்று ரசச் சட்டிக்குள் விட்டார். எண்கள் தலைதெறிக்க ஓடின.

"உப்பு கூடிட்டோ?" என்றார்.

மதினி கரண்டியைக் கீழே வைத்தார். "ஏங்க, நாளையிலேருந்து அந்த மெசினையே சமைக்கச் சொல்லுங்க."